இடக்கை பழக்கிய மாடு

அவருக்கு ஆட்களின் முகம் மனதில் நிற்காது, நடைதான் நிற்கும். மூன்று மாதம் எங்கள் வளவுக்கு வந்து போன பிறகும், ஒருநாள் தேத்தண்ணிக் கடைக் கதிரையில் உட்கார்ந்திருந்த என்னை யாரோ எவரோ என்று தாண்டிப் போனார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. எழுந்து அவருக்கு முன்னால் நான்கு எட்டு நடந்தேன். "அட, நீங்களோ தங்கச்சி! வலக்கால் செருப்பு ஒரு பக்கம் தேயுது, பாத்து நடவுங்கோ" என்றார். சுகம் விசாரிப்பதென்றால் அவருக்கு அவ்வளவுதான்.

உயிலங்குளத்தில் நாங்கள் அவரைக் குதிரைக்காரர் என்று சொல்வோம். பெயர் தெரியும், யாரும் அதைச் சொல்லி அழைத்ததில்லை, நானும் இங்கே சொல்லப் போவதில்லை. குதிரை ஒன்றும் அவரிடம் கிடையாது. ஒரு பழைய சைக்கிளும் அதன் பின்பெட்டி நிறையக் கருவாடும் இருந்தன. ஆள் மன்னார்த் தீவின் தாழ்வுபாடு, சிலுவையைக் கும்பிடுகிற வேதக்காரர். தகப்பனும் தமையன்மாரும் கடலை விட்டால் வேறு உலகம் தெரியாதவர்கள். இவருக்கு மட்டும் வள்ளத்தில் ஏறினாலே வயிற்றைப் பிரட்டும். ஒன்றுக்கும் உதவாத பிள்ளை என்று வீட்டில் பெயரெடுத்து, ஏஜென்சிக்காரன் ஒருவனைப் பிடித்து அரபு நாடொன்றுக்குப் போனார். அங்கே பந்தயக் குதிரை லாயத்தில் சாணம் அள்ளத் தொடங்கி, பதினான்கு வருடத்தில் குதிரை பழக்குகிற அளவுக்கு வந்தார். சண்டை முடிந்த கையோடு திரும்பி வந்தவர், தீவிலிருந்து பாலம் கடந்து எங்கள் வயற்கிராமங்களுக்குக் கருவாடு கொண்டு வந்து கொடுத்தார்.

நாங்கள் அப்போதுதான் முகாமிலிருந்து வந்து குடியேறியிருந்தோம். நாலு தடியும் பன்னிரண்டு தகரமும்தான் வீடு. எந்த வளவுக்குள் போனாலும் ஓர் ஆள் குறைவாக இருந்தது. அதனால் எல்லோரும் எல்லோருக்கும் நல்லதே சொல்லிக்கொண்டு திரிந்தோம். "வருவார், வருவார்", "பிள்ளை எங்கேயோ இருக்கிறான்", "சாத்திரி நல்ல காலம் எண்டு சொன்னவர்" என்பதுதான் அப்போது எங்கள் ஊரின் பேச்சு. அந்தப் பேச்சுக்குள் இந்த மனிதர் கருவாட்டுப் பெட்டியோடு வந்து, கண்டதைக் கண்டபடி சொல்லிவிட்டுப் போவார்.

பக்கத்து வளவில் ஒரு தாய் இருந்தாள். அவளுடைய மகன், இராணுவம் பிடித்து அடைத்து வைத்திருந்த புனர்வாழ்வு முகாமிலிருந்து விடுதலையாகி வந்திருந்தான். "ஒரு அடி கூட அடிக்கேல்லையாம், நல்லா வைச்சிருந்தவங்களாம்" என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். குதிரைக்காரர் சீலாக் கருவாட்டைக் கடதாசியில் சுற்றிக்கொண்டிருந்தபோது அந்தப் பெடியன் முற்றத்தைக் கடந்து கிணற்றடிக்குப் போனான். இவர் சுற்றுவதை நிறுத்திவிட்டு அவன் போவதைப் பார்த்தார்.

"தம்பிக்கு நாரிக்குக் கீழ, இடுப்பெலும்பில அடி பட்டிருக்கு. பழைய அடி. அதை மறைச்சு நடக்கிறதால முழங்காலும் போகுது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார்.

தாய் மகனைப் பார்த்தாள். மகன் வாளியைக் கிணற்றுக்குள் விட்டபடி திரும்பாமல் நின்றான். அன்றிலிருந்து அவள் அவரிடம் கருவாடு வாங்குவதை விட்டுவிட்டாள். மகன் ஆஸ்பத்திரிக்குப் போனான் என்பதும் உண்மை. ஆனால் அதை அவள் கடைசிவரை இவரிடம் சொல்லவில்லை.

நான் அவரிடம் சண்டை பிடித்தேன். "தாய்க்கு முன்னால அப்பிடிச் சொல்லலாமோ அண்ணை? உங்களுக்கு ஈவிரக்கமே இல்லையோ?"

"வாய் சொல்லுறதைக் கேட்டுக் குதிரை வாங்கினவன் எல்லாம் நொண்டிக் குதிரைதான் வாங்கினவன் தங்கச்சி" என்றார். அந்த லாயத்து வேலை போனதும் இந்த வாயால்தான். முதலாளி கொள்ளை ஆசையோடு வாங்கிய குதிரை ஒன்றைப் பார்த்து, முன் இடக்கால் ஒரு மாதம் தாங்காது என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டார். கரிநாக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"பிறகு கால் உடைஞ்சதோ?" என்று கேட்டேன்.

"உடைஞ்சது."

"அப்ப நீங்கள்தான் சரி."

"குதிரையைச் சுட்டவங்கள். அதில என்ன சரி?"

இனி என் கதைக்கு வருகிறேன். என்னுடைய மனுசன் சவாரிக்காரர். எங்கள் பக்கத்தில் மாட்டுவண்டிச் சவாரி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: இரண்டு மாட்டை இலேசான வண்டிலில் பூட்டி, நேரான திடலில் ஓடவிடுவது. எந்தச் சோடி முதலில் எல்லையைத் தொடுகிறதோ அதன் சொந்தக்காரரின் பெயரை ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்கச் சொல்வார்கள். என் மனுசனின் பெயரை அப்படிப் பலமுறை கேட்டு நான் தலை நிமிர்ந்து நடந்திருக்கிறேன். இடம்பெயரும்போது மாடுகளை அவிழ்த்துவிட்டுத்தான் போனோம். கடைசியில், இராணுவத்திடம் வந்து சேர்ந்த இடத்தில், வரிசையில் நின்றவரைத் தனியாகக் கூப்பிட்டு பஸ்ஸில் ஏற்றினார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

குடியேறி ஒரு மாதத்தில், கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் கட்டாக்காலியாய்த் திரிந்த மாடுகளுக்குள் எங்கள் சவாரி மாடு செம்பனைக் கண்டுபிடித்தேன். தொடையில் எங்கள் குறி இருந்தது. சோடியில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. மற்றதற்கு என்ன நடந்தது என்று ஊகிக்க அதிகம் மூளை தேவையில்லை. என் மனுசனோடு சவாரி ஓட்டிய மணியண்ணை தன்னுடைய இளங்காளை, நாம்பன் ஒன்றைச் சேர்த்துச் சோடி கட்டித் தருவதாகச் சொன்னார். சித்திரை வருசத்துக்கு, சண்டைக்குப் பிறகு முதல் முறையாகச் சவாரி வைக்கப் போகிறார்கள் என்ற கதை அடிபட்டது.

எனக்கு ஒரே ஓர் ஆசை வந்தது. சொந்தக்காரர் என்ற இடத்தில் என் மனுசனின் பெயரைப் பதிய வேண்டும். ஒலிபெருக்கி அதைச் சொல்ல வேண்டும். அரசாங்கக் கந்தோரில் அவருடைய இறப்புச் சான்றிதழுக்கான படிவத்தை என் முன்னால் இரண்டு முறை வைத்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்டால் உதவி கிடைக்கும் என்றார்கள். இரண்டு முறையும் மேசையில் விட்டுவிட்டு வந்தேன். சவாரியில் பெயர் சொல்வது உயிரோடிருக்கிற ஆளுக்குத்தான். அந்தப் பெயரை ஊர் முழுக்க ஒருமுறை கேட்டுவிட்டால், பிறகு எந்தக் கந்தோரும் என்னிடம் படிவத்தை நீட்டாது என்று நினைத்தேன். பைத்தியக்கார நினைப்புத்தான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் காலையில் எழும்பினேன். சவாரிச் சங்கத்து ஆட்கள் தலையைச் சொறிந்தார்கள். "சோடி ஒழுங்கா ஓடினா ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம். நீ மாட்டைப் பார்" என்றார் மணியண்ணை.

மாடு ஒழுங்காக ஓடவில்லை. நுகத்தில் பூட்டி ஓட்டினால் செம்பன் இடப்பக்கம் சரித்துக்கொண்டே போகும். நாம்பனையும் இழுத்துக்கொண்டு திடலை விட்டு வேலிக்குள் பாயும். மணியண்ணை துவரங்கம்பால் விளாசினார். அடித்தால் இன்னும் சரித்தது.

அப்போதுதான் குதிரைக்காரர் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வந்தார். "அடிக்கிறதை நிப்பாட்டுங்கோ. பழைய பழக்கம் அது" என்றார். செம்பனை அவிழ்த்து முன்னும் பின்னும் நடக்கவிட்டுப் பார்த்தார். என் மனுசனைப் பற்றி நாங்கள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"இந்த மாட்டைப் பழக்கினவர் இடக்கைக்காரர். கயித்தை இடக்கையில பிடிச்சு, எந்த நேரமும் மாட்டுக்கு இடப்பக்கம் நிண்டே பழக்கியிருக்கிறார். அதான் கழுத்து அந்தப் பக்கம் வளைஞ்சு, பாரமெல்லாம் இடத்தோளில விழுது. அவரைத் தேடித்தான் அது அங்க போகுது" என்றார்.

என் மனுசன் இடக்கைக்காரர். சோற்றுக்கு மட்டும்தான் வலக்கை.

அவர் அந்த மாட்டைத் திருத்தித் தருவதாகச் சொன்னார். கூலி ஒன்றும் கேட்கவில்லை. கருவாட்டுச் சுற்று முடிந்து வருகிற நாட்களில், வெயில் தணிந்த பிறகு இரண்டு மணித்தியாலம். லாயத்தில் அவர் கற்றுக்கொண்ட முறை அது. பந்தயக் குதிரை எப்போதும் ஒரே பக்கம் திரும்புகிற திடலில் ஓடுவதால் அதன் உடம்பும் ஒரு பக்கமாகிவிடுமாம். அதை நேராக்க, அங்கிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் கிழமையில் இரண்டு நாள் ஓட்டத்தை நிறுத்தி, மெல்ல நடக்கும் வித்தையும் சிறு தடி தாண்டலும் பழக்குவாளாம். டிரசாஜ் என்று அதற்குப் பெயர் சொல்வார். ஓடுகிறதுக்கு முதல் நிற்கத் தெரிய வேண்டும் என்பது அவருடைய கட்சி.

செம்பனை நீளக் கயிற்றில் கட்டி வலப்பக்கம் பத்து வட்டம், இடப்பக்கம் பத்து வட்டம். ஒன்று கூடக் குறையக் கூடாது. பிறகு விலாவில் இரண்டு விரலை வைத்து அழுத்தி, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடக்கவிடுவார். பிறகு பின்னால் போய் வாலடியில் கையை வைத்து "பின், பின்" என்று சொல்லி, மாட்டைத் தன் பக்கமாகப் பின்னோக்கி நடக்க வைப்பார். அதற்குப் பிறகு நிலத்தில் ஐந்து தடியைக் கிடத்தி, அவற்றில் கால் படாமல் கடக்க வேண்டும். கடைசியில் தடிகளைக் கல்லின் மேல் வைத்து ஒரு முழ உயரம் தாண்ட வேண்டும். ஊர் வேலியோரம் நின்று சிரித்தது. "மாடு பின்னுக்கு நடந்து எந்தச் சவாரியை வெல்லப்போகுது?" என்று மணியண்ணையே கேட்டார். குதிரைக்காரர் மாட்டின் பின்னங்கால் முன்னங்காலின் தடத்திலேயே விழுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தினமும் ஒரு மரக்குற்றியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். சவாரிக்காக என்று சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. அவர் அந்த மாட்டிலிருந்து என் மனுசனைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"வெளிக்கிட முன்னம் ஒரு நொடி நிக்குது. எதையோ கேக்கக் காத்திருக்கு. அவர் வாயால ஏதும் சத்தம் போடுறவரோ?"

நான் யோசித்தேன். பிறகு செருமினேன். என் மனுசன் எந்த வேலையைத் தொடங்கும்போதும் செருமுவார். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். நான் செருமியதும் செம்பன் காதை நிமிர்த்திக்கொண்டு நடந்தது. அவர் தலையாட்டிவிட்டுச் சொன்னார்: "பாத்துக்கொள்ளுங்கோ தங்கச்சி. நாளைக்கு இது இராது."

அப்படித்தான் அவர். எடுத்துக் காட்டுவார், பிறகு துடைத்துவிடுவார். மணியண்ணையின் குரலுக்கும் மாடு வெளிக்கிட வேண்டுமென்று, அடுத்த நான்கு நாளில் அந்தச் செருமலை மறக்கப் பண்ணினார்.

இன்னொரு நாள் கேட்டார்: "உங்கட மனுசன் நடக்க வெளிக்கிட்டா எந்தக் காலை முதல் வைக்கிறவர்?"

எட்டு வருடம் அவர் படலையைத் திறந்துகொண்டு போவதைப் பார்த்தவள் நான். கடைசியாக அந்த பஸ்ஸில் ஏறியதையும் பார்த்தேன். சேட்டுக் கொலர் கிழிந்திருந்தது தெரியும். கம்பியைப் பிடித்த இடக்கை தெரியும். எந்தக் காலை முதலில் படியில் வைத்தார் என்று தெரியவில்லை. மண்ணில் குந்தியிருந்து அழுதேன். வேறு யாராக இருந்தாலும் "அழாதேங்கோ, வருவார்" என்றிருப்பார்கள். அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் முடிக்கும்வரை நின்றார்.

"தெரியாட்டிப் பரவாயில்லை. மாட்டைக் கேப்பம்" என்றார். பத்துத் தரம் நிறுத்தி நிறுத்தி நடக்கவிட்டார். "இடக்கால்" என்றார் பிறகு.

அன்று நான் கெஞ்சினேன். "அண்ணை, இந்த ஒண்டையாவது விடுங்கோ. இடப்பக்கம் போறதை. கொஞ்சமாவது."

"விட்டா ஓடாது. ஓடினாலும் ரெண்டும் விழும். நீங்கள் சொல்லுங்கோ, சவாரியோ, இதுவோ?"

சவாரி என்று சொன்னேன். என் மனுசனின் பெயர் கேட்க வேண்டும் என்றால் மாட்டிலிருந்து அவருடைய கை போக வேண்டும். அந்தக் கணக்கை இன்றைக்கும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

இப்போது வெட்கமான இடத்துக்கு வருகிறேன். நிலத்தில் கிடத்திய தடிகள் வெறும் காட்டுத்தடிகள். மண் நிறத்தில் இருந்ததால் செம்பன் அவற்றைக் கவனிக்காமல் மிதித்துக்கொண்டே நடந்தது. லாயத்தில் தடிகளுக்குச் சிவப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட் பூசியிருப்பார்கள் என்றார் அவர். பெயின்டுக்கு எங்கே போவது? எங்கள் வயலுக்குப் பின்னால், குளக்கட்டுக்குக் கீழே, சிவப்பும் வெள்ளையும் பூசிய குச்சிகள் ஒரு வரிசை நின்றன. கண்ணிவெடி எடுக்கிற ஆட்கள் நட்டவை. சிவப்பு முகம் பார்க்கிற பக்கம் ஆபத்து, வெள்ளை முகம் பார்க்கிற பக்கம் வெடி எடுத்து முடித்த நிலம். மாரி தொடங்கியதும் அந்த ஆட்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு போயிருந்தார்கள்.

"அதுகள் வேலை முடிஞ்ச குச்சிகளோ?" என்று என்னிடம் கேட்டார்.

"ஓம், முடிச்சுப்போட்டுத்தான் போயிட்டினம்" என்றேன்.

எனக்கு அது தெரியாது. ஊரில் அப்படி ஒரு கதை இருந்தது. விறகுக்கும் வேலிக்கும் ஏற்கெனவே சிலர் பிடுங்கியிருந்தார்கள். முடிந்திருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன். விரும்பியதைத் தெரிந்ததாகச் சொன்னேன். எதையும் கண்ணால் பார்க்காமல் நம்பாத அந்த மனிதர் என் வாயை நம்பினார். இரண்டு பேரும் சேர்ந்து வெள்ளைப் பக்கமாக நின்று பன்னிரண்டு குச்சிகளைப் பிடுங்கினோம். செம்பன் மறுநாளே கால் படாமல் கடந்தது. அவர் முகத்தில் சிரிப்பு வந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

தையில் ஒரு பின்னேரம் வானம் இருட்டிக்கொண்டு வந்து, பக்கத்திலேயே இடி விழுந்தது. செம்பன் கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்ந்தது. வயலைத் தாண்டி, குளக்கட்டுக்குக் கீழே போய், அங்கே இடுப்பளவு வளர்ந்திருந்த புல்லுக்குள் நின்று மேயத் தொடங்கியது. நாங்கள் ஓடிப் போனோம். வயல் முடிகிற இடத்தில் அவர் நின்றார். என்னையும் கையை நீட்டி நிறுத்தினார்.

"குச்சி எங்க நிண்டது?"

எனக்குத் தெரியவில்லை. மழை குழிகளை மூடிவிட்டது. எல்லாம் ஒரே புல்லாகவும் ஒரே சேறாகவும் கிடந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்: "அண்ணை, முடிஞ்சதெண்டு எனக்குத் தெரியாது. சும்மாதான் சொன்னனான்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செருப்பைக் கழற்றி வைத்தார். சிலுவை போட்டுக்கொண்டார். "அது தானா வந்தா வந்த வழியில வராது. சுத்திக்கொண்டு திரியும். நீங்கள் இதில நிண்டு அதின்ர காலை மட்டும் பாருங்கோ. தடத்தை விட்டுக் கால் விலகினா உடனே சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மாட்டின் குளம்புத் தடம் சேற்றில் ஆழமாகப் பதிந்திருந்தது. ஒவ்வொரு தடத்துக்குள்ளும் விரல் நுனியை வைத்து, பிறகு பாதத்தை வைத்து நடந்தார். இருபது எட்டு இருக்கும். செம்பன் மேய்ந்துகொண்டே நின்றது. அதைத் திருப்பினால் புதிய மண்ணில் கால் வைக்கும். அவர் அதன் வாலடியில் கையை வைத்தார். "பின்" என்றார். "பின்."

ஒரு மாடு பின்னோக்கி இருபது எட்டு நடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தை நான் யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியாது. அவர் தலையைத் திருப்பித் தன் காலடியைப் பார்த்தபடி பின்னால் வந்தார். மாடு அவரைத் தொடர்ந்தது. ஏழாவது எட்டில் மறுபடி இடி முழங்கியது. செம்பனின் தலை நிமிர்ந்தது. கழுத்து இடப்பக்கம் வளையத் தொடங்கியதைக் கண்டேன். பயம் வந்தால் அது என் மனுசனைத்தான் தேடும். நான் கும்பிட்டேன். யாரைக் கும்பிட்டேன் என்று தெரியாது. அவருடைய கை இந்த மாட்டில் ஒரு துளியும் மிஞ்சியிருக்கக் கூடாது, ஒன்றும் இருக்கக் கூடாது, எல்லாம் அழிந்திருக்க வேண்டும் என்று கும்பிட்டேன்.

கழுத்து நேரானது. பின்னங்கால் தடத்துக்குள்ளேயே விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. அவர்கள் இரண்டு பேரும் வயல் வரம்பில் ஏறினார்கள்.

அவர் வரம்பிலேயே குந்தியிருந்து வாந்தியெடுத்தார். பிறகு எழுந்து மாட்டின் நாலு காலையும் தடவிப் பார்த்தார்.

மாரி முடிந்து கண்ணிவெடி எடுக்கிற ஆட்கள் திரும்பி வந்தார்கள். சேறு காய்ந்து தடங்கள் அச்சு வார்த்த மாதிரி அப்படியே இருந்தன. ஏழாவது தடத்துக்கு இடப்பக்கம், ஒரு சாண் தூரத்தில், ஒன்றைக் கண்டுபிடித்து அங்கேயே வெடிக்க வைத்தார்கள். தகரக் கூரை அதிர்ந்தது. குச்சியை யார் பிடுங்கியது என்று அவர்களுடைய பொறுப்பாளர் ஊரைக் கூட்டிக் கேட்டார். குதிரைக்காரர் எழுந்தார். "நானும் இந்தத் தங்கச்சியும்தான். வேலை முடிஞ்சுதெண்டு தங்கச்சி சொன்னவ. நான் தேடிப் பாக்காமல் நம்பினது என்ர பிழை" என்றார். என்னைக் காப்பாற்ற ஒரு சொல்லைக் கூட மாற்றவில்லை. ஊருக்கு முன்னால் நான் தலை குனிந்து நின்று ஏச்சு வாங்கினேன். அப்போதும் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. இந்த ஊரில் ஒரு வாயாவது உள்ளதைச் சொல்கிறதே என்று ஒரு விதமான தைரியம்தான் வந்தது. என் மனுசனைப் பற்றி அவர் ஒருநாளும் "வருவார்" என்றதில்லை, "வரமாட்டார்" என்றதுமில்லை. தெரியாததை அவர் சொல்லமாட்டார். அவர் சொல்லாமல் இருக்கும்வரை எனக்கும் நம்பிக்கொண்டிருக்க ஓர் இடம் இருந்தது.

சித்திரையில் சவாரி நடந்தது. மணியண்ணை ஓட்டினார். செம்பனும் நாம்பனும் கயிறு பிடித்துக் கோடு போட்ட மாதிரி நேராக ஓடி இரண்டாவதாக வந்தன. ஒலிபெருக்கியில் என் மனுசனின் பெயரைச் சொன்னார்கள். ஊரின் பெயரையும் சேர்த்து இரண்டு தரம் சொன்னார்கள். நான் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன்.

பழைய சவாரிக்காரர்கள் மாட்டைச் சுற்றிக் கூடினார்கள். அவர்களுக்குள் வயதானவர் செம்பனின் முதுகில் தட்டி, எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே உரத்துச் சொன்னார்: "பாத்தியளோ! இத்தனை வருசம் கட்டாக்காலியாய்த் திரிஞ்சும் அவன்ர கை அப்பிடியே இருக்கு. அவன் பழக்கினது அப்பிடியே தெரியுது!"

எல்லோரும் "ஓம், ஓம்" என்றார்கள். எனக்கு அது பழகிப்போன இரக்கம்தான். நான் குதிரைக்காரரைப் பார்த்தேன். இப்போது சொல்வார் என்று காத்திருந்தேன். அந்தக் கையில் ஒன்றும் மிச்சமில்லை, நான்தான் துடைத்தேன், இது வேறு மாடு என்று பச்சையாகச் சொல்லி அந்தப் பெரியவரின் மூக்கை உடைப்பார் என்று நினைத்தேன். சொல்ல வேண்டும் என்று விரும்பினேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். காலைப் பார்க்கவில்லை.

"ஓம்" என்றார். "எல்லாம் அவற்ற கைதான். நான் சும்மா கூட நடந்தனான்."

சுற்றி நின்றவர்கள் நல்ல மனுசன் என்று அவர் தோளில் தட்டினார்கள். அவர் எனக்கு இரங்கிவிட்டார். இரங்குகிற அளவுக்கு என் மனுசனைப் பற்றி அவருக்கு ஏதோ நிச்சயமாகத் தெரிந்துவிட்டது, அல்லது தெரிந்ததாக நினைக்கிறார் என்று எனக்கு விளங்கியது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்கு நடந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை கந்தோருக்குப் போய் அந்தப் படிவத்தைத் தரச் சொல்லிக் கேட்டேன்.